நிமிர்ந்து நிற்கும் தோம்பு

விடியுமுன் கார்பைட் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டியதும் எழும் வாயுவே அசிட்டிலின். பட்டறையில் இரும்பு வெட்டவும் ஒட்டவும் வைத்திருக்கும் தோம்பிலும் அதுதான் இருக்கிறது.

விளக்கில் சாதுவாக எரியும் இவ்வாயுவை அழுத்தி அடைத்தால், காற்றே இல்லாமலும் வெடிக்கும். தொடக்கத்தில் அப்படி அடைத்தபோது உயிர்கள் பலியாயின. அசிட்டோன் என்னும் திரவத்தில் இதைக் கரைத்து வைக்கலாமென்று பிரான்சில் கிளாட், ஹெஸ் என்ற இருவர் 1897-இல் அறிவித்தனர். சுவீடன் நாட்டு குஸ்தாவ் டாலேன், தோம்புக்குள் நுண்துளைப் பொருளை நிரப்பி, கடற்பஞ்சில் நீர் ஊறுவதுபோல் அக்கரைசலை ஊற வைத்தார். அவரும் தப்பவில்லை. 1912-இல் சோதனையின்போது தோம்பு வெடித்துக் கண்பார்வையை இழந்தார். கலங்கரை விளக்குகளுக்கு அவர் செய்த தானியங்கிக் கருவிகளுக்காக அதே ஆண்டு நோபல் பரிசு வந்தது. பார்வையின்றியே 1937 வரை தம் கம்பெனியை நடத்தினார், எத்தகைய நெஞ்சுரம்!

இப்போது நம் பட்டறைக்கு வருவோம். தோம்பைப் படுக்க வைத்துத் திறந்தால் அசிட்டோனும் வாயுவோடு வெளியேறிவிடும். ஆகவே நிமிர்த்தி, சங்கிலியால் பிணைத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். லாரியில் படுத்தபடி வந்த தோம்பை நிமிர்த்திப் பல மணி நேரம் நிற்க விட்ட பிறகே திறக்க வேண்டும். தீர்ந்துவிட்டதென்று மூலையில் உருட்டிப் போட்டதிலும் வாயு மிச்சமிருக்கும். பிள்ளைகளை அதனருகே விளையாட விடாதீர்கள்.