தோட்டவாரியத்தில் இல்லாதவர்கள்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். பள்ளியில் படித்திருக்கிறோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊர்க் கல்வெட்டைச் சுட்டிக்காட்டிப் பேசினார். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரைப் பார்க்க வருகிறவர்கள் தேர்தல் விதிகளைக் கேட்டு வியந்து திரும்புகிறார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலானோருக்குத் தோட்டமும் ஏரியும்தான் வேலை.

முதலாம் பராந்தகனின் ஆட்சியில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்புக்கு ஒருவர். அந்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சரவாரியம், 12 பேர் தோட்டவாரியம், 6 பேர் ஏரிவாரியம். பதவிக்காலம் 360 நாள். சம்வத்சரவாரியத்துக்குப் போக வேண்டுமானால் முன்பே தோட்டவாரியமோ ஏரிவாரியமோ செய்திருக்க வேண்டும். கல்வியிலும் வயதிலும் மூத்தவராக இருக்க வேண்டும். ஊர் அதிகாரத்தின் படிக்கட்டு தோட்டத்திலிருந்துதான் தொடங்கியது.

அந்தப் படியில் கால் வைக்கத் தகுதிகள் வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. உத்திரமேருச் சதுர்வேதிமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அங்கே மண்ணைக் கொத்தி நீர் பாய்ச்சிய பிற சாதியாருக்குச் சபையில் இடமில்லை. பெண்கள் கூடாது என்று தனியாக ஒரு விதி எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. வேதம் என்ற ஒரு சொல் போதும், கதவு சாத்திக்கொள்ளும். குடத்திலிருந்து ஓலை எடுக்கும் குழந்தைகூடச் சிறுவன்தான்.

ஆனால் கல்வெட்டில் பெண்கள் இருக்கிறார்கள், அதுவும் எக்கச்சக்கமாக. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. (நல்ல விதி. இன்றைக்கும் வேண்டும்.) யார் அந்த உறவினர்? சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள். அத்தை பிள்ளைகள். தாயுடன் பிறந்தவன். மனைவியுடன் பிறந்தவன். சகோதரியை மணந்தவன், அவள் பெற்ற மக்கள். மகளை மணந்த மருமகன். தாய், அத்தை, மனைவி, சகோதரி, மகள் என்று ஒவ்வொருத்தியாக வந்துபோகிறாள். ஒருத்திக்கும் பெயரில்லை. ஓர் ஆணின் குற்றம் இன்னோர் ஆணிடம் போய்ச் சேரும் வழியாக மட்டுமே அவள் அங்கே நிற்கிறாள். கூடா உறவு கொண்டவர்களை விலக்கும் விதியிலும் இதே கதை: பெண் அங்கே ஆணின் பாவத்துக்குப் பெயர்.

சோழர் காலப் பெண்களிடம் சொத்தே இல்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. இதே பராந்தகனின் மருமகள், கண்டராதித்தனின் மனைவி செம்பியன் மாதேவி, செங்கல் கோயில்களைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டியவர். அவர் பெயரில் ஊரே இருக்கிறது. விளக்குக்கும் நிலத்துக்கும் கொடை கொடுத்த பெண்களின் பெயர்கள் தமிழகக் கோயில் சுவர்களில் ஏராளம். பெண் கொடுக்கலாம், கொடுத்ததை நிர்வகிக்கும் வாரியத்தில் உட்கார முடியாது.

தோட்டம் என்றால் உழைப்பு. செடிக்கு நீர் ஊற்றியது யார், களை பறித்தது யார்? தேர்தல் கல்வெட்டுக்கு அது தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் 16ஆம் நூற்றாண்டில் களையெடுத்த பெண்களுக்குக் கொடுத்த கூலி கணக்கில் ஏறியிருக்கிறது. அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் மன்னர்களின் கதையைத்தான் கேட்டு வருகிறார்கள் என்றாலும், தேடுகிற வரலாற்றாசிரியருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கூலிக் கணக்காவது மிஞ்சியது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் 2016இல் வந்தது. தோட்டவாரியத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட 1,100 ஆண்டுகள். உத்திரமேரூருக்கு மாணவிகளை அழைத்துப்போகும் ஆசிரியர்கள், குடவோலையைச் சொல்லி முடித்ததும் அந்த உறவுப் பட்டியலையும் ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லலாம். அத்தை, சின்னம்மா, மகள் என்று வரும் இடங்களில் நிறுத்தி, அவள் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று கேட்கலாம்.