காணியில் முதலிடும் முன்: உறுதியைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் எமது மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காணிதான். கட்டாரிலும் சவூதியிலும் பத்து வருடம் உழைத்தவருக்கும், ஊரில் கடை நடத்தி மிச்சம் பிடித்தவருக்கும் இது பொருந்தும். வட்டியைத் தவிர்க்க நினைப்பவருக்குக் காணி ஹலாலான முதலீடாகவும் தெரிகிறது. ஆனால், ஒரு கைத்தொலைபேசி வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துக் காணி வாங்கும்போது தரகரின் பேச்சையும் "தெரிஞ்ச ஆள்தானே" என்ற நம்பிக்கையையும் மட்டுமே ஆதாரமாகக் கொள்கிறோம். பின்னர் நீதிமன்றப் படிகளில் வருடக் கணக்கில் நிற்கிறோம். முதன்முதலாகக் காணி, வீடு வாங்க நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகளை இங்கு தொகுத்துத் தருகிறோம்.

முதலில் கணக்கு

குடியிருக்க, வாடகைக்கு விட, விலை ஏறியதும் விற்க என மூன்று நோக்கங்களுக்காகக் காணி வாங்கப்படுகிறது. மூன்றுக்கும் கணக்கு வேறு.

உதாரணமாக, ஒரு கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு ஒரு வீடு வாங்கி, மாதம் 40,000 ரூபாவுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருட வாடகை 4 இலட்சத்து 80 ஆயிரம். விற்பனை உறுதிக்கான முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். அதன்படி இந்த வீட்டுக்கு 4 இலட்சத்து 79 ஆயிரம் ரூபா செலுத்த வேண்டும். அதாவது, முதல் வருட வாடகை முழுவதும் முத்திரை வரிக்கே போய்விடும். நொத்தாரிசு கட்டணம், நில அளவை முதலியவற்றுக்கு 1 இலட்சத்து 21 ஆயிரம் என்று வைத்தால் மொத்தச் செலவு ஒரு கோடி 26 இலட்சம்.

வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்து, திருத்த வேலைக்கும் சோலை வரிக்கும் 40,000 போனால் கையில் நிற்பது 4 இலட்சம். இது போட்ட பணத்தில் ஏறத்தாழ 3.2 சதவீதம் மட்டுமே. மீதி இலாபம் விலை ஏறினால்தான் கிடைக்கும். விற்கும்போதும் மூலதன ஆதாய வரி உண்டு. 2018 ஏப்ரல் முதல் 10 சதவீதமாக இருந்த இவ்வரி, தனியாட்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 15 சதவீதமாக்கப்பட்டது.

காணியை அவசரத்துக்கு விற்கவும் முடியாது. விற்றாலும் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். எனவே பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியச் செலவுக்கும் உரிய பணத்தைக் காணியில் முடக்க வேண்டாம்.

உறுதியும் தோம்பும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் கைச்சாத்திடப்பட வேண்டும். விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதுவே சட்டம். வெள்ளைத் தாளிலோ பற்றுச்சீட்டிலோ எழுதி முற்பணம் கொடுத்தால், காணியை எழுதித் தருமாறு விற்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் நொத்தாரிசு உறுதி தேவை என்பதை வாடகைக்கு விடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அழகாகத் தட்டச்சு செய்த உறுதி இருப்பதால் மட்டும் விற்பவருக்கு உரித்து இருப்பதாக ஆகிவிடாது. அவருக்கு அது எப்படி வந்தது, அவருக்கு முன்னிருந்தவருக்கு எப்படி வந்தது என்று குறைந்தது 30 வருடங்களுக்குப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். காணிப் பதிவகத்தில் தோம்பைப் பார்த்தால் ஈடு, வழக்கு, முந்திய விற்பனை ஆகியவை பதியப்பட்டிருந்தால் தெரிய வரும். செலவை மிச்சம் பிடிப்பதற்காக "பதிவேடு பார்க்கத் தேவையில்லை" என்று நொத்தாரிசிடம் சொல்லிவிடாதீர்கள்.

உறுதியை முடித்த கையோடு பதிவதும் முக்கியம். ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றால், மோசடியின்றிப் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதிக்கே சட்டம் முன்னுரிமை கொடுக்கிறது.

காகிதத்தைப் பார்த்தால் போதாது, காணிக்கும் போக வேண்டும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து, படத்துடன் ஒப்பிடுங்கள். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. பாதை படத்தில் இருக்கிறதா, உறுதியில் பாதை உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். காணியில் வேறு யாராவது குடியிருந்தால் அவரிடமே பேசுங்கள். 10 வருடம் தடையின்றி எதிருரிமையுடன் ஆண்டவர் ஆட்சி உரிமை கோரலாம். கடனுக்குப் பிணையாக எழுதிக் கொடுத்த உறுதியாக இருந்தால், உண்மையான உரிமையாளர் நம்பிக்கைப் பொறுப்பின் அடிப்படையில் வழக்காடலாம்.

எந்த வகைக் காணி?

விலை குறைவாக இருந்தால் காரணம் என்னவென்று கேளுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் அல்லது அளிப்புக் காணியை, பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. அவ்வாறான காணியை வெறும் கடதாசியில் வாங்கி வீடு கட்டியவர்கள் எமது ஊர்களில் குறைவில்லை. பள்ளிவாசலை அண்டிய காணியாக இருந்தால் அது வக்ஃப் சொத்தா என்றும் விசாரிக்க வேண்டும்.

மாடி வீடுகளில், கூட்டு ஆதனத் திட்டப்படம் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி கிடைக்காது.

எமது சமூகத்தில் அதிகம் சிக்கல் தருவது வாரிசுக் காணி. முஸ்லிம்களின் வாரிசுரிமையை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மார்க்கச் சட்டத்தின்படியே தீர்மானிக்கிறது. பெற்றோர் முன்பே இறந்துவிட்ட ஒருவர், மனைவியையும் இரண்டு மகன்மாரையும் ஒரு மகளையும் விட்டு மரணித்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரியும். மொத்தத்தை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்மாருக்கு 14 வீதம், மகளுக்கு 7. மூத்த மகன் மட்டும் 20 பேர்ச் காணியை விற்றால், முழுவதற்கும் நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் உங்களுக்கு வருவது 7 பேர்ச்சுக்குரிய, பிரிக்கப்படாத பங்குதான். எல்லா வாரிசுகளும், குறிப்பாகப் பெண்கள், கைச்சாத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சகோதரியின் பங்கைக் கேட்காமல் விற்ற காணியை வாங்குவது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, அவரது ஹக்கிலும் கை வைப்பதாகும்.

நன்கொடை உறுதியிலும் கவனம் தேவை. அதே சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தால் அன்றி, முஸ்லிம் ஒருவரின் நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது. மகளுக்குச் சீதன வீடு எழுதும் பெற்றோரும் இந்த வரியை அறிந்திருக்க வேண்டும்.

பெயர் யாருடையது?

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி, நானாவின் பெயரிலோ மச்சானின் பெயரிலோ காணி வாங்குவது வழமை. அந்த நானா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நாளை மௌத்தானால் உறுதியின்படி அக்காணி அவரது மனைவி மக்களுக்கே சேரும். அவர்கள் அமானிதத்தை அறியாதிருக்கலாம், அறிந்தும் மறுக்கலாம். காசு அனுப்பியதற்கு வங்கி ஆதாரம் இருந்தாலும் நீதிமன்றத்தில் நிரூபிக்கும் சுமை உங்களுடையது. பதியப்பட்ட அற்றோணித் தத்துவம் கொடுத்து, உங்கள் பெயரிலேயே வாங்கலாம். அதில் "வாங்க மட்டும்" என்று அதிகாரத்தை வரையறுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் பொது அதிகாரம் கொடுக்காதீர்கள்.

வட்டியும் ஸகாத்தும்

பணம் கொடுத்து வீட்டையோ வயலையோ ஈட்டுக்கு எடுத்து, பணம் திரும்பும் வரை வாடகையையும் விளைச்சலையும் அனுபவிப்பதைச் சிலர் முதலீடு என்கிறார்கள். கடனிலிருந்து பெறும் நிபந்தனைப் பயன் வட்டி என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. பணம் போதாதவர்கள், வங்கியும் வாடிக்கையாளரும் சேர்ந்து வாங்கி, வங்கியின் பங்கைப் படிப்படியாக வாடிக்கையாளரே வாங்கிக்கொள்ளும் முஷாரகா முறை பற்றி இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளில் விசாரிக்கலாம். மாதத் தொகையை மட்டும் கேட்காமல், தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள்.

குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத் இல்லை. விற்கும் எண்ணத்துடன் வாங்கிய காணி வியாபாரப் பொருள். ஆண்டுதோறும் சந்தை விலையில் 2.5 சதவீதம் கடமை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒரு வார்த்தை. தோம்பு பார்த்து, அளந்து, வாரிசுகளை விசாரித்து, உங்கள் சார்பில் தனியான ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, அதன் பின்னரே முற்பணம் கொடுங்கள். "இன்றைக்கே அட்வான்ஸ் தராவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார்" என்று தரகர் சொன்னால், அவர் வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். காணி இன்னொன்று கிடைக்கும். பாலைவன வெயிலில் உழைத்த பத்து வருடம் திரும்பக் கிடைக்காது.