பிறேசிலின் மின்பங்கீடு (2001-2002): ஒரு சமூக வரலாற்று நோக்கு

2001ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி தொடங்கி 2002 பெப்ரவரி இறுதிவரை பிறேசிலில் நடைமுறையிலிருந்த மின்பங்கீடு, அரசொன்று மின்நுகர்வைக் குறைப்பதற்கு அண்மைக்காலத்தில் மேற்கொண்ட முயற்சிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகும். சுழற்சிமுறை மின்வெட்டுக்கு இடமளிக்காமல் நுகர்வை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைத்தமையால், நிருவாகத் திறனுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அது பலராலும் போற்றப்படுகின்றது. தட்டுப்பாடு எவ்வாறு தோன்றியது, அதனைச் சமாளித்தோர் யாவர், இறுதியில் அதற்கான விலையைச் செலுத்தியோர் யாவர் என்னும் வினாக்களையும் சேர்த்து நோக்கும்போதே அப்போற்றுதலின் பெறுமதி புலனாகும் என்பது எமது கருத்து.

அக்காலத்தில் பிறேசிலின் மின்னுற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்களவு நீர்மின்னாகவே இருந்தது. ஒரு பருவ மழை பொய்த்தாலும் தாங்கக்கூடியவாறு, பல ஆண்டு நீரைத் தேக்கிவைக்கும் பெரும் நீர்த்தேக்கங்களை அந்நாடு அமைத்திருந்தது. ஆயினும் 1990களில் மின்தேவை வளர்ந்த வேகத்தில் உற்பத்தித் திறன் வளரவில்லை. 1995இல் எஸ்செல்சா நிறுவனத்தின் விற்பனையுடன் தனியார்மயம் தொடங்கியது. மின்விநியோகத்தின் பெரும்பகுதி தனியார் கைக்கு மாறியது. உற்பத்தி பெரும்பாலும் அரச நிறுவனங்களிடமே எஞ்சியிருந்தபோதிலும், பாதீட்டுப் பற்றாக்குறையைக் குறைக்கும் நோக்குடன் அவற்றின் முதலீடு கட்டுப்படுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்ட இயற்கைவாயு மின்னிலையங்களும் உரிய காலத்தில் எழவில்லை. வாயுவின் விலை டொலரில் கணிக்கப்பட்டதும், 1999இல் உள்நாட்டு நாணயம் மதிப்பிழந்ததும் தனியார் முதலீட்டாளரைத் தயங்கச் செய்தன.

இதனால் நீர்த்தேக்கங்களின் சேமிப்பே ஆண்டுதோறும் கரைக்கப்பட்டது. 2001 ஏப்பிரில் இறுதியில், மழைக்காலம் முடியும் வேளையில், தென்கிழக்குப் பிரதேச நீர்த்தேக்கங்கள் மூன்றிலொரு பங்களவே நிறைந்திருந்தன. அதே காலத்தில் தென்பிரதேசத்தில் போதிய மழை பெய்திருந்தது. அங்கிருந்த மிகை மின்னைக் கொண்டுவருவதற்குப் போதிய கடத்தல் வழிகள் இல்லை. ஆகவேதான் தென்பிரதேசம் பங்கீட்டுக்கு உட்படாதிருக்க, தென்கிழக்கும் மத்திய மேற்கும் வடகிழக்கும் அதற்கு உட்பட்டன. அரசே நியமித்த, யெர்சன் கெல்மன் தலைமையிலான குழு 2001 யூலையில் அளித்த அறிக்கை, மழைக்குறைவு மட்டும் இந்நெருக்கடியைத் தோற்றுவித்திராது என்றும், தாமதமான உற்பத்தி, கடத்தல் வேலைகளே முதன்மைக் காரணம் என்றும் கண்டது. சார்புநிலைக் கோட்பாட்டின் முன்னோடிகளுள் ஒருவராக அறியப்பட்ட சமூகவியலாளர் பெர்னாண்டோ என்றிக் கார்டோசோ ஜனாதிபதியாக இருந்த காலத்தில் இது நிகழ்ந்தமை சிந்திக்கத்தக்கது.

2001 மே மாதத்தில், அமைச்சர் பெட்றோ பறென்ரேயின் தலைமையில் நெருக்கடி முகாமைச் சபை அமைக்கப்பட்டது. முந்திய ஆண்டின் மே முதல் யூலை வரையான சராசரி நுகர்வே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. இல்லங்கள் அதில் 20 வீதத்தைக் குறைக்க வேண்டும். மாதத்தில் 100 கிலோவாற்று மணிக்கு மேற்படாத இல்லங்களுக்குக் கட்டாயக் குறைப்பு இல்லை. அவ்வில்லங்கள் மிச்சப்படுத்திய ஒவ்வொரு றியாலுக்கும் இரண்டு றியால் ஊக்கத்தொகை விதிக்கப்பட்டது. 200 கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட பகுதிக்கு 50 வீதமும், 500க்கு மேற்பட்ட பகுதிக்கு 200 வீதமும் மேலதிகக் கட்டணமாயின. இலக்கைத் தவறியோருக்கு மின்துண்டிப்பு அச்சுறுத்தலும் இருந்தது. பெருங் கைத்தொழில் நிறுவனங்களோ தமது மிச்சத்தைப் பிற நிறுவனங்களுக்கு விற்க அனுமதிக்கப்பட்டன. மேலதிகக் கட்டணத்தைக் கீழ்நீதிமன்றங்கள் சில தடுத்தபோதிலும், யூன் இறுதியில் நாட்டின் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது.

மக்களின் எதிர்வினை எதிர்பார்ப்பை விஞ்சியது. இழைமின்குமிழ்களுக்குப் பதிலாகச் சிறு ஒளிர்குமிழ்கள் வந்தன, உறைபெட்டிகள் நிறுத்தப்பட்டன, மாலைநேர மின்தேவையைப் பெருக்கும் மின்சுடுநீர்க் குளியல் சுருங்கியது. பங்கீடு நீங்கிய பின்னரும் பல்லாண்டுகளாக இல்லமொன்றின் சராசரி நுகர்வு பழைய அளவை எட்டவில்லை. மிரட்டலும் பரிசும் இதனை முற்றாக விளக்கா. நிறைவேற்றத்தக்க இலக்கும், ஏழைகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கும் ஒத்துழைப்புக்கு வழிசமைத்தன எனக் கொள்ளலாம்.

ஆயின் அதன் பின்னர் நிகழ்ந்தது யாது? நுகர்வு குறைந்தமையால் மின்நிறுவனங்களின் வருமானம் வீழ்ந்தது. அவ்விழப்பை ஈடுசெய்ய, 2002 ஏப்பிரில் மாதச் சட்டத்தின்படி இல்லங்களின் கட்டணம் 2.9 வீதமும், கைத்தொழில், வணிக நுகர்வோரின் கட்டணம் 7.9 வீதமும் உயர்த்தப்பட்டன. குறைந்த வருமானத்தோர் மட்டும் விலக்கப்பட்டனர். அரச அபிவிருத்தி வங்கி நிறுவனங்களுக்கு முற்கடன் வழங்கியது. பெரிதும் இயங்காதிருந்த அவசர அனல்மின்னிலையங்களுக்கெனவும் தனிக்கட்டணம் அறவிடப்பட்டது. மின்னை மிச்சப்படுத்தியோரே, மிச்சப்படுத்தியமைக்கான செலவையும் ஏற்றனர்.

2002 ஒக்டோபர்த் தேர்தலில் ஆளுந்தரப்பு தோல்வியுற்றதற்கு இந்நெருக்கடியும் ஒரு காரணமாயிற்று. 2004ஆம் ஆண்டின் சட்டங்கள் மின்துறையில் அரச திட்டமிடலை மீண்டும் நிறுவின. நீர்மின்னை நம்பிய நாடுகள் இவ்வரலாற்றைச் சிக்கனப் பிரசாரத்தின் வெற்றிக்கதையாக மட்டும் வாசித்தல் போதாது. வறட்சி இயற்கையின் செயல். அதனைத் தட்டுப்பாடாக்கியது முதலீட்டைக் கைவிட்ட கொள்கை. சிக்கனத்தை மக்களிடம் கோரும் அரசு, அக்கொள்கைக்குரிய பொறுப்பையும் செலவின் நியாயமான பங்கீட்டையும் அவர்கள் முன் வைக்கக் கடமைப்பட்டது என்பதே இந்நிகழ்விலிருந்து நாம் பெறும் முடிவு.