வயிற்றுக்குள் ஒரு பலூன்

தலைமுடியைப் பிய்த்து விழுங்கும் பழக்கம் சில பெண் குழந்தைகளுக்கு உண்டு. முடி செரிக்காது. அது இரைப்பையிலேயே தங்கி, சளியோடும் உணவுத் துணுக்குகளோடும் பின்னி, நாளடைவில் இரைப்பையின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக இறுகிவிடும். இப்படி வந்த குழந்தைகளிடம் மருத்துவர்கள் ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்: பசி இல்லை, இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, உடம்பு மெலிந்துகொண்டே போகிறது. 1930களின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் மைக்கேல் டிபேக்கியும் ஆல்டன் ஆக்ஸ்னரும் இத்தகைய கட்டிகளைப் பற்றி அதுவரை வெளியான குறிப்புகளைத் திரட்டி விரிவாக எழுதினார்கள். ஆனால், மெலியவைக்கும் அந்தக் கட்டியையே சிகிச்சையாக்கலாமே என்ற யோசனை காகிதத்துக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1982-ல் டென்மார்க்கைச் சேர்ந்த நீபென், ஹார்போ என்ற இருவர் அதை 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உடல் பருமன் உள்ளவரின் இரைப்பைக்குள் ஒரு பலூனை விட்டால், அது செயற்கைக் கட்டியாக இருந்து பசியை அடக்கும் என்பது அவர்கள் வாதம். அந்தக் காலத்தில் பருமனோடு வந்தவருக்கு மருத்துவரிடம் சொல்ல இருந்தது பெரும்பாலும் இரண்டே வழிதான்: ஒன்று பத்தியம், இல்லையென்றால் வயிற்றைத் திறந்து அறுவை. பத்தியம் பலிக்காதவரை 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று பழித்துவிட்டு அனுப்பினார்கள். கத்தியில்லாமல் ஒரு வழி என்றதும் ஏன் அத்தனை பேர் நம்பி வந்தார்கள் என்பது இதை நினைத்தால்தான் புரியும்.

1985-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) 'காரன்-எட்வர்ட்ஸ்' பலூனுக்கு அனுமதி தந்தது. பாலியூரித்தேனால் ஆன உருளை. உள்ளே 220 மில்லி காற்று. நான்கு மாதம் வைத்திருந்து எடுத்துவிட வேண்டும். 20,000 பேருக்கும் மேல் பொருத்திக்கொண்டார்கள். உருளையின் விளிம்புகள் இரைப்பையின் உட்சுவரில் உரசிப் புண்ணாக்கின. சில பலூன்கள் தாமாகவே காற்றிறங்கிக் குடலுக்குள் நழுவி அடைத்துக்கொண்டன. அறுவைக்குப் பயந்து பலூனுக்கு வந்தவர்களில் சிலர் அந்தப் பலூனை எடுக்கவே அறுவைக்குப் போனார்கள்.

இதைவிடப் பெரிய அடி ஆய்விலிருந்து வந்தது. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குப் பலூன் வைத்தார்கள். மறுபாதியினருக்குக் குழாயை உள்ளே விட்டு எடுத்ததோடு சரி. யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. இரு தரப்பும் ஒரே உணவு முறையைப் பின்பற்றின. முடிவில் எடைக் குறைப்பில் சொல்லும்படி வேறுபாடு இல்லை. விற்பனைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை இது. ஆயிரக்கணக்கான வயிறுகளில் வைத்த பிறகு செய்தார்கள் என்பதை எளிதில் மன்னிக்க முடியவில்லை. 1988-ல் அந்தப் பலூன் சந்தையிலிருந்து போய்விட்டது.

ஆனாலும் அந்தத் தோல்வியை யாரும் மூடி மறைக்கவில்லை. 1987 மார்ச்சில், கடற்பஞ்சு எடுக்கும் கிரேக்கர்கள் குடியேறிய ஃபுளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸ் ஊரில், பல நாடுகளிலிருந்து 75 வல்லுநர்கள் கூடினார்கள். நல்ல பலூன் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். வழவழப்பாக, தையல் விளிம்பு இல்லாமல் இருக்க வேண்டும். நாள்பட உழைக்க வேண்டும். புண்ணும் அடைப்பும் ஏற்படுத்தக் கூடாது. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும். அளவைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். காற்றால் அல்ல, திரவத்தால் நிரம்ப வேண்டும். இந்தக் கதையில் என் மதிப்பெல்லாம் அந்தக் கூட்டத்துக்குத்தான். இன்றைய பலூன் உண்மையில் அங்கேதான் பிறந்தது.

அந்த வரிகளுக்கு உருவம் கொடுத்தது 1991-ல் வந்த பயோஎன்டெரிக்ஸ் பலூன். பின்னாளில் 'ஆர்பெரா' என்று பெயர் மாறியது. சிலிக்கோன் உருண்டை. சுருட்டிய நிலையில் வாய் வழியாக இறக்கி, எண்டோஸ்கோப்பியில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாய் வழியே 400 முதல் 700 மில்லி வரை உப்புநீர் ஏற்றுவார்கள். குழாயை இழுத்தால் வால்வு தானே மூடிக்கொள்ளும். உப்புநீரில் மெத்திலீன் புளூ சாயமும் கலப்பதுண்டு. பலூன் கசிந்தால் சாயம் உடம்பில் ஏறிச் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். நோயாளியே பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடி வரலாம். முதல் சில நாட்கள் குமட்டலும் வாந்தியும் படுத்திவிடும். அமிலம் சிலிக்கோனை அரிக்கும் என்பதால் ஆறு மாதத்தில் எடுத்தாக வேண்டும். அதற்குள் பலருக்கு உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. எடுத்த பிறகு ஒரு பகுதி திரும்பி வருவதும் சகஜம். பொருத்தும் முன்பே இதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் அனுபவத்தில் சுட்டுக்கொண்ட அமெரிக்கா, 2015-ல்தான் ஆர்பெராவுக்கு அனுமதி தந்தது. 2017-லேயே கணைய அழற்சி, பலூன் தானாக மேலும் உப்புதல், சில மரணங்கள் ஆகியவை பற்றி எஃப்.டி.ஏ. மருத்துவர்களை எச்சரித்தது.

இப்போது எண்டோஸ்கோப்பியும் மயக்க மருந்தும் இல்லாமல், மாத்திரை போல விழுங்கும் பலூன் வந்திருக்கிறது. வாய்க்கு வெளியே தொங்கும் மெல்லிய குழல் வழியாக 550 மில்லி திரவம் ஏற்றி, குழலை உருவிவிடுகிறார்கள். ஏறக்குறைய 16 வாரத்தில் வால்வு தானே திறந்து, பலூன் சுருங்கி, மலத்தோடு வெளியேறுகிறது. 1985-ன் பலூனில் விபத்தாக நேர்ந்த குடல் பயணம் இதில் திட்டமிட்டே வைக்கப்பட்டிருக்கிறது. பொருளை மெல்லியதாக்கியதால் பெரும்பாலும் தடையின்றிப் போய்விடுகிறது. ஆனாலும் அரிதாகச் சிலருக்குக் குடல் அடைத்து, அறுவை தேவைப்பட்டிருக்கிறது.