களத்திற்கு முந்திய களம்

1996 பிப்ரவரியில் பிலடெல்பியா நகரில், உலக வாகையர் காரி காஸ்பரோவ் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’ கணினியைச் சதுரங்கத்தில் 4–2 என வென்றார். மறுபோட்டிக்கு இடையே கிடைத்த பதினைந்து மாதங்களில் நடந்த ஆயத்தமே நம் சிந்தனைக்குரியது.

ஃபெங் சியுங் சூவும் அவர்தம் குழுவினரும் புதிய சில்லுகளை வடிவமைத்தனர். நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் பிறந்தது. வேகம் மட்டும் போதாதென உணர்ந்து, கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமினைத் துணைக்கொண்டனர். அவர் கணினியோடு ஆடி ஆடி அதன் பிழைகளைச் சுட்டினார். காஸ்பரோவுக்கோ அப்பயிற்சி ஆட்டங்களைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை.

1997 மே மாதம், நியூயார்க். இரண்டாம் ஆட்டத்தில், சமன் செய்யக்கூடிய நிலையிலேயே அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். இயந்திரம் யாவற்றையும் கண்டிருக்கும் என நம்பிவிட்டார். ஆறாம் ஆட்டத்தில் அவரை வீழ்த்திய குதிரைப் பலியோ கணினியின் கணக்கில் பிறந்ததன்று. மனிதர் முன்கூட்டியே எழுதிவைத்த தொடக்க நகர்வுகளின் ஏட்டிலிருந்து வந்தது. முடிவு 3½–2½.

மனிதனை இயந்திரம் வென்றது என்கிறோம். உற்றுநோக்கின், பலருடைய பொறுமையான உழைப்பு ஒருவருடைய அச்சத்தை எதிர்கொண்டதையே காண்கிறோம். இயந்திரத்தின் வலிமையை நாம் மதிக்கலாம். அது அனைத்தும் அறிந்தது என்றெண்ணி, ஆராயுமுன்னே நம் தீர்ப்பைக் கைவிடலாகாது.