மாவள்ளி டிபன் ரூம்ஸ், பெங்களூரு

மாவள்ளி டிபன் ரூம்ஸ், பெங்களூருவில் லால்பாக் பூங்காவின் அருகே உள்ள பழமையான சைவ உணவகம். சுருக்கமாக எம்.டி.ஆர். எனப்படுகிறது. உடுப்பி வட்டாரத்திலிருந்து வந்த யக்ஞநாராயண மையாவும் அவர் உடன்பிறந்தாரும் 1924-இல் பிராமின் காபி கிளப் என்ற பெயரில் இதைத் தொடங்கினர். 1960-இல் இன்றைய கட்டடத்துக்கு மாறியபோது வட்டாரப் பெயரான மாவள்ளி உணவகத்தின் பெயராயிற்று.

இரண்டாம் உலகப் போரில், 1942-இல், பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பதிலாக ரவையை அவித்துப் பார்த்ததில் பிறந்ததே ரவா இட்லி என்று இவ்வுணவகத்தார் கூறுவர். தயிரில் ஊறிய ரவை, கடுகு தாளிப்பு, மேலே முந்திரி. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சாகு, கூடவே நெய். தட்டுப்பாட்டில் வந்த பண்டம் என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உணவகத்துக்கு உண்மையான சோதனை நெருக்கடி நிலைக் காலத்தில் (1975–77) வந்தது. உணவகப் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என அரசு கட்டுப்படுத்தியது. நெய்யையும் முந்திரியையும் குறைத்திருந்தால் ஒருவேளை கட்டுப்படியாகியிருக்கும். மையா குடும்பத்தார் அதற்கு இசையாமல் உணவகத்தையே மூடினர். பணியாளர்களுக்கு வேலை வேண்டுமே! ரவா இட்லிக் கலவையையும் மசாலாப் பொடிகளையும் பொட்டலமிட்டு விற்கலாயினர். உணவகம் பிறகு மீண்டும் திறந்தது. பொட்டல வணிகமோ அதைவிடப் பெரிதாக வளர்ந்தது. 2007-இல் அவ்வணிகத்தை நார்வேயின் ஓர்க்லா நிறுவனம் வாங்கியது. உணவகத்தைக் குடும்பத்தார் விற்கவில்லை.