தம்பலகாமக் குடாச் சிப்பியும் எங்கள் இரண்டாம் தரமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன வருடம் தரம் இரண்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டுக்குள் வாழும் உயிரினங்களைப் படிப்பித்தோம். படத்தைக் காட்டுவதை விடப் பொருளைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள் என்றுதான் கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதனால் "ஆளுக்கொரு சிப்பி கொண்டு வாங்க" என்றோம். வெள்ளிக்கிழமை மேசை நிறைந்து விட்டது. மட்டி, ஊரி, சோகி, கண்ணாடி போல வெளிச்சம் தெரிகிற தட்டைச் சிப்பி. பாதிக்கு மேல் உயிரோடு இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் நாற்றம் தாங்க முடியவில்லை. ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது: "டீச்சர், உள்ளுக்கு இருந்தது நம்மளாலயா மௌத்தாப் போச்சு?"

பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தத் தட்டைச் சிப்பியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

கிண்ணியாப் பாலத்தின் கீழால் உள்ளே போகிற தண்ணீர்தான் தம்பலகாமக் குடாவாக விரிகிறது. அதன் சேற்றில் படுத்துக் கிடக்கிற இந்தச் சிப்பிக்குள்ளும் முத்து உண்டு. மன்னார் முத்து மாதிரி மாலை கோர்க்க உதவாது, மிகச் சிறியது. இந்தியாவுக்கு அனுப்பிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, வசதி படைத்தவர்கள் வெற்றிலையோடு போட்டார்களாம். அதற்காகப் பிரித்தானியர் காலத்தில் குடாவைக் குத்தகைக்கு விட்டார்கள். 1858 இற்கு முந்திய மூன்று வருடங்களில் குத்தகைக்காரர் எடுத்த சிப்பி 1 கோடி 80 இலட்சத்துக்குக் குறையாது என்று எழுதியிருக்கிறார், இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட். ஒரு நாளும் விடாமல் எடுத்திருந்தாலும் நாளுக்கு 16,000 இற்கு மேல் வருகிறது. முத்து இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். திறந்தால் அது சாகும். எங்கள் மேசையில் செத்தது இருபதோ முப்பதோதான், என்றாலும் அந்தக் கணக்கை வாசித்தபோது வெட்கமாக இருந்தது.

அதே காலத்தில் இதே திருகோணமலையில் வேறொருவர் சிப்பியை உயிரோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட், 1819 இல் இலங்கையிலேயே பிறந்த இராணுவ வைத்தியர். மன்னாரில் 1837 இற்குப் பிறகு ஏறக்குறைய 17 வருடம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க அரசு இவரை நியமித்தது. (அரசுக்கு வருமானத்தைப் பற்றித்தான் கவலை, அதையும் சொல்ல வேண்டும்.) முத்துச்சிப்பி நூல் போன்ற இழைகளால் பாறையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடப்பது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது இழையை விட்டுவிட்டு, காலை நீட்டி நகர்ந்து, வேறிடத்தில் புது இழை விட்டு ஒட்டிக்கொள்வதைக் கெலார்ட் கண்டார். 1857 இல் திருகோணமலையிலிருந்தே தன் அறிக்கையை எழுதினார். 1860 இல் இங்கிலாந்துக்குப் போகிற வழியில் கப்பலில் காலமானார். நாற்பது வயதுதான். எங்கள் ஊரில் நடந்த இந்த வேலையைப் பற்றி நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியும் படித்ததில்லை.

இந்த வருடம் பாடத்தை மாற்றினோம். சிப்பியை வகுப்புக்குக் கொண்டு வரவில்லை, பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போனோம். ஒரு வெள்ளைப் பேசினில் கடல் தண்ணீர். அதில் இரண்டு மட்டி, ஓர் ஊரி, சங்குக்குள் ஒளிந்திருந்த ஒரு நண்டு. பிள்ளைகள் குழம்பியது நண்டில்தான். மட்டிக்கும் ஊரிக்கும் ஓடு உடம்போடு சேர்ந்தே வளர்வது, அவற்றால் அதை விட்டுப் போக முடியாது. நண்டு மட்டும் வேறொன்று விட்டுப்போன சங்கில் குடியிருக்கிறது, வளர்ந்தால் பெரிய சங்கு தேடும். "அப்ப நண்டு வாடகைக்கு இருக்குதா?" என்றான் ஒருவன். ஓம் என்றோம்.

சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டி மெல்ல வாய் திறந்து வெள்ளைக் காலை நீட்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டோம். தட்டைச் சிப்பிக்கு மட்டும் பழைய வெறும் ஓடு காட்டினோம். உள்பக்கத்தில் கவிழ்த்த 'ட' மாதிரி இரண்டு கோடு சாய்ந்து ஒரு முனையில் சேர்கிற இடம் இருக்கிறது. மூடித் திறக்கிற பிணையல் அதுதான்.

உயிருள்ள தட்டைச் சிப்பியை அன்று நாங்கள் தேடிய இடத்தில் காணவில்லை. குடாவில் சிப்பி குளித்த வாப்பா, அப்பா, மாமா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எந்த இடத்தில் எடுத்தார்கள், எவ்வளவு ஆழம் என்று கேட்டு எழுதுங்கள். வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடமே சொன்னால் இன்னும் சந்தோசம். வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை எங்களுடையது.